வீட்டுக்காரம்மாவும் மொட்டைக் கடிதமும்: பெர்லின் நாவல்களிலிருந்து ஒரு பதில்

நீங்கள் கேட்டது இது: "ஒரு நகரத்தில் சர்வாதிகாரம் மெல்ல ஏறிவரும் காலத்தை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காதல், நட்பு, குடும்பம் வருகிற இடங்கள் பரவாயில்லை. அரசியல் வந்தவுடனே செய்தித்தாள் வாசனை அடிக்கிறது. நாயகி டி.வி.யில் செய்தி பார்க்கிறாள், பிறகு கணவனோடு விவாதிக்கிறாள், அவ்வளவுதான். இதை நன்றாகச் செய்த நாவல்கள் எவை? எப்படிச் செய்தார்கள்?" கூடவே மூன்றாம் அத்தியாயத்தையும் அனுப்பியிருந்தீர்கள். படித்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பல நாடுகளிலிருந்து பத்துப் பெயர்களை அடுக்கிவிடலாம், ஆனால் அது உங்களுக்கு உதவாது. ஒரே ஊரைச் சுற்றியே நிற்கிறேன்: பெர்லின், 1930-லிருந்து சில வருஷங்கள். பக்கத்தில் கொலோனும் ஃபிராங்க்ஃபர்ட்டும் கொஞ்சம் வரும். காரணம் உண்டு. முடிவு என்னவென்று தெரியாமல் 1932-இல் எழுதியவர்கள் இருக்கிறார்கள். தப்பி ஓடிய கையோடு 1933-லும் 1937-லும் எழுதியவர்கள் இருக்கிறார்கள். தொலைவில் இருந்து 1939-லும் 1942-லும் எழுதியவர்கள், எல்லாம் இடிந்து விழுந்த பிறகு 1946-இல் உட்கார்ந்து எழுதியவர் என்று எல்லோரும் கிடைக்கிறார்கள். ஒரே காலத்தை இத்தனை தூரங்களில் இருந்து பார்க்க வேறு எங்கும் இவ்வளவு வசதி இல்லை.

இவர்களைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்குப் பட்டது ஒன்று. இந்த நாவல்களில் ஆட்சி வீட்டுக்குள் புதிய வெறுப்பு எதையும் கொண்டுவருவதில்லை. வாடகைத் தகராறு, மாமியார் கோபம், எதிர்க்கடைக்காரன் மேல் எரிச்சல் எல்லாம் முன்பே அங்கே இருக்கின்றன. முன்பு அவற்றைப் பக்கத்து வீட்டில் புலம்பித் தீர்த்துக்கொள்வார்கள். இப்போது போய்ச் சொல்வதற்கு ஓர் அலுவலகம் திறந்திருக்கிறது.

முதலில் கிறிஸ்டோபர் இஷர்வுட். இங்கிலாந்துக்காரர். 1929-இல் பெர்லின் வந்தார், 1933 மே மாதம் கிளம்பினார். அவருடைய 'குட்பை டு பெர்லின்' 1939-இல் வெளியானது. பெயர் கேள்விப்பட்டிருக்காவிட்டாலும் அதிலிருந்து பிறந்த 'கேபரே' படம் தெரிந்திருக்கும். அந்தப் படத்தால் ஒரு கெடுதலும் நடந்தது. அந்தக் கால பெர்லின் என்றாலே கறுப்பு ஸ்டாக்கிங்ஸ், தொப்பி, மேடை விளக்கு என்று ஆகிவிட்டது. புத்தகத்தில் அதெல்லாம் கொஞ்சம்தான். அதன் நடுமையம் ஒரு வாடகை வீடு.

வீட்டுக்காரம்மா பெயர் ஷ்ரோடர். முதல் உலகப் போருக்கு முன் வசதியாக இருந்தவர். போரும் 1923-இன் பணவீக்கமும் அதையெல்லாம் கரைத்துவிட்டன. பையில் நோட்டைக் கொண்டுபோய் ரொட்டி வாங்கிய வருஷம் அது. இப்போது இருக்கிற அறைகளை எல்லாம் வாடகைக்கு விட்டுவிட்டு, கூடத்தில் ஒரு திரைக்குப் பின்னால் தான் படுத்துக்கொள்கிறார். நம் மொழியில் ஒண்டுக்குடித்தனம் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை இன்னொரு படி இறக்கினால் இதுதான்: வீட்டுக்காரியே ஒண்டிக்கொண்டிருக்கிறாள். பழைய குடித்தனக்காரர்களை அந்த அம்மாள் நினைவு வைத்திருப்பது கறைகளை வைத்து. கம்பளத்தில் இந்தக் கறை இன்னார், சுவரில் அந்த மசி இன்னார் என்று காட்டுகிறார். உள்ளே ஒரு மதுக்கடைப் பணியாளன், உடலை விற்றுப் பிழைக்கும் ஒரு பெண், மேடையில் பாடும் மாயர் என்ற பெண்மணி, ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கும் கதைசொல்லி.

இந்த மாயர் நாஜி அனுதாபி. ஆனால் அவள் ஊர்வலம் போவதையோ கொடி பிடிப்பதையோ இஷர்வுட் காட்டுவதில்லை. கீழ்த்தளத்தில் ஒரு யூதப் பெண் குடியிருக்கிறாள். மாயரின் பாட்டுச் சத்தத்தில் ஆரம்பித்த சண்டை அது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாயர் மாப்பிள்ளைக்கு ஒரு மொட்டைக் கடிதம் போடுகிறாள். கீழே அடிதடி நடக்கும்போது மேலே கம்பளத்தில் குப்புறப் படுத்து, தரையில் காதை வைத்துக் கேட்டு ரசிக்கிறாள். வீடே சேர்ந்து ரசிக்கிறது. இது 1930. ஹிட்லர் பதவிக்கு வர இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. கட்சி இல்லை, சட்டம் இல்லை, சீருடை இல்லை. பிறகு வரப்போகிற எல்லாவற்றுக்கும் தேவையான மனம் மட்டும் அந்தத் தரையில் படுத்திருக்கிறது. அந்தப் பெண்ணை இஷர்வுட் ராட்சசியாகவும் ஆக்குவதில்லை. படிக்கும்போது நாமும் ஒரு கணம் சிரித்துவிடுகிறோம், அப்புறம்தான் உறைக்கிறது.

செய்தித்தாள் வாசனை என்றீர்களே, அதற்கு அதே புத்தகத்தில் இன்னோர் இடம். சாலி பௌல்ஸ் என்ற பாடகி, கிளைவ் என்ற பணக்கார அமெரிக்கன், கதைசொல்லி மூவரும் ஹோட்டல் அறையிலிருந்து வேடிக்கை பார்க்கிறார்கள். கீழே ஒரு சவ ஊர்வலம் போகிறது, முடிவே இல்லாத கூட்டம். இறந்தவர் ஹெர்மன் முல்லர், 1930 வரை சமூக ஜனநாயகக் கட்சியின் சான்சலர், நம் ஊர்ப் பிரதமர் மாதிரி. நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு ஆண்ட கடைசி சான்சலர் அவர்தான். உங்களையும் என்னையும் போன்ற ஆட்கள் எழுதியிருந்தால் அங்கே யாராவது ஒருவர் வாயைத் திறந்து, குடியரசே போய்ச் சேர்கிறது பார் என்று சொல்லியிருப்பார். இங்கே யாரும் சொல்வதில்லை. கிளைவின் பணத்தில் உலகம் சுற்றப் போகிறோம் என்ற கனவில் மூவரும் மிதக்கிறார்கள். கீழே போகிறவர்களுக்கும் நமக்கும் ஒட்டில்லை என்று கதைசொல்லிக்கு மட்டும் லேசாக ஒரு நடுக்கம். கொஞ்ச நாளில் கிளைவ் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விடுகிறான். வாசகனுக்கு இரண்டு ஏமாற்றங்களும் ஒன்றாகவே இறங்குகின்றன, சாலிக்குத் தெரிந்தது ஒன்று மட்டும்.

(சாலிக்கு மாதிரியாக இருந்த ஜீன் ராஸ் என்ற பெண் நிஜத்தில் தீவிர இடதுசாரி. ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் பத்திரிகையாளராகப் போனவர். நாவல் அவரை அரசியல் தெரியாத ஒருத்தியாக ஆக்கியதில் அவருக்கு நியாயமான வருத்தம் இருந்திருக்கும்.)

கடைசிப் பகுதி 1932-33 குளிர்காலம். 1928 தேர்தலில் நாடாளுமன்றத்தில் 12 இடம் பிடித்த ஹிட்லரின் நாஜிக் கட்சி 1930 செப்டம்பரில் 107-க்கும் 1932 ஜூலையில் 230-க்கும் வந்துவிட்டது. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் சான்சலர். இதெல்லாம் நடந்த பிறகு நம் ஷ்ரோடர் அம்மாள் என்ன ஆனார்? கட்டடக் காவலாளியின் மனைவியிடம் தலைவரைப் பற்றிப் பயபக்தியோடு பேசிக்கொண்டிருக்கிறார். போன நவம்பரில் அவர் ஓட்டுப் போட்டது கம்யூனிஸ்ட்டுகளுக்கு. யாராவது அதை நினைவுபடுத்தினால் இல்லவே இல்லை என்று கோபத்தோடு மறுப்பார், மனசாரவே மறுப்பார். குளிர்காலத்துக்கு ரோமம் மாற்றிக்கொள்ளும் பிராணியோடு இஷர்வுட் அவரை ஒப்பிடுகிறார். புத்தகம் முழுக்க அந்த அம்மாளை நாம் நேசித்திருக்கிறோம், காபி போட்டுக் கொடுத்த அம்மாள். அவரைத் திட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் வாசகன் தவிக்கிறான். உங்கள் நாவலில் மனம் மாறுகிற ஆட்கள் எல்லோரும் முதல் பக்கத்திலிருந்தே எரிச்சலூட்டுகிறவர்களாக இருக்கிறார்கள். அதனால்தான் அவர்கள் மாறும்போது நமக்கு ஒன்றுமே ஆவதில்லை.

இஷர்வுட்டிடம் ஒரு பெரிய குறையும் உண்டு. தன்னை ஒரு கேமரா என்று சொல்லிக்கொண்டு அவர் ஒதுங்கி நிற்கிறார். இந்தப் பாணியைப் பலர் காப்பி அடித்துக் கெட்டுப்போனார்கள். அவர் ஒதுங்கி நின்றதற்குக் கலைக் காரணம் மட்டும் இல்லை. அவர் ஆண்களை நேசித்தவர், 1939-இல் அதை அச்சில் எழுத முடியாது. அதனால் நாவலின் கதைசொல்லிக்குக் காதலே இல்லை. நிஜத்தில் 1933-இல் அவரோடு பெர்லினை விட்டுக் கிளம்பியவர் ஹைன்ஸ் என்ற ஜெர்மானிய இளைஞர். 1934 ஜனவரியில் இங்கிலாந்துத் துறைமுகத்தில் அதிகாரிகள் அவரை உள்ளே விடவில்லை. பிறகு ஊர் ஊராக, நாடு நாடாக அலைச்சல். 1937-இல் ஜெர்மன் எல்லைக்குள் கால் வைத்தபோது கெஸ்டபோ என்ற ரகசியப் போலீஸ் பிடித்தது. சிறை, கட்டாய உழைப்பு, ராணுவச் சேவை. இதை இஷர்வுட் முழுசாக எழுதியது 1976-இல். அரசாங்கம் நேரடியாகக் கை வைத்துப் பிரித்த உறவு எதுவோ, அது மட்டும் அந்த நாவலில் இல்லை.

சரி, அடுத்தவர் எனக்கு இன்னும் பிடித்தவர். இர்ம்கார்ட் கொய்ன். 1932-இல் வந்த அவருடைய 'செயற்கைப் பட்டுப் பெண்' நாவலின் டோரிஸ் ஒரு டைப்பிஸ்ட். பெர்லினில் பிரகாசிக்க வேண்டும் என்ற ஒரே ஆசை. ஒரு ரோமக் கோட்டைத் திருடிக்கொண்டு ஊரைவிட்டு வருகிறாள். அரசியலில் அவளுக்கு அரிச்சுவடி தெரியாது. தெருவில் கூட்டம் கோஷம் போட்டால் அவளும் போடுவாள், எதற்கு என்று கேட்டால் பக்கத்தில் நிற்கிற ஆண் விளக்கம் சொல்கிற சாக்கில் காபிக்குக் கூப்பிடுவான். ஒருநாள் ஒரு பெரிய தொழிலதிபர் அவளிடம் மயங்கி நிற்கிறார். நீ யூதப் பெண்ணா என்று கேட்கிறார். அவள் யூதப் பெண் இல்லை. ஆனால் இவருக்கு அது பிடிக்கும்போல இருக்கிறது என்று தப்புக் கணக்குப் போட்டு, ஆமாம் என்கிறாள். அது போதாதென்று, போன வாரம்தான் அப்பா ஜெபக்கூடத்தில் கால் பிசகிக்கொண்டார் என்று ஒரு கதையும் விடுகிறாள். அவர் அப்படியே உறைந்து போகிறார். டோரிஸுக்குக் கடைசிவரை என்ன நடந்தது என்று முழுசாகப் புரிவதில்லை, தான் மாறாமல் அப்படியே இருக்கும்போது ஒரு சொல்லால் எப்படி வேறு ஆளாகிவிட்டோம் என்று யோசிக்கிறாள்.

இந்தக் காட்சியின் பலமே எழுதியவருக்கும் முடிவு தெரியாது என்பதுதான். 1932-இல் அது ஒரு நகைச்சுவைக் காட்சி. 1935 செப்டம்பரில், யூதர்களோடு கல்யாணத்தையும் உறவையும் தடை செய்த நியூரம்பெர்க் சட்டங்கள் வந்த பிறகு இதே உரையாடல் ஜெயில் விவகாரம். நடந்து முடிந்ததைத் தெரிந்துகொண்டு எழுதுகிறவன் இந்தக் காட்சியில் எங்கேயாவது ஓர் இடி இடிக்க வைத்திருப்பான்.

ஆட்சி மாறியதும் கொய்னின் புத்தகங்கள் பறிமுதல். அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள்: வருமானம் போச்சு, நஷ்டஈடு கொடு என்று வழக்குப் போட்டார். ஜெயிக்கவில்லை. 1936-இல் நாட்டை விட்டுப் போனார். அடுத்த வருஷம் ஆம்ஸ்டர்டாமில் 'நடுநிசிக்குப் பிறகு' வெளியானது. ஆங்கிலத்தில் 'ஆஃப்டர் மிட்நைட்' என்று தேடுங்கள். ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சானா, பத்தொன்பது வயது. கொலோனில் அடெல்ஹைட் என்ற உறவுக்காரப் பெண்மணி வீட்டில் இருக்கிறாள். அந்த அம்மாளின் மகன் ஃபிரான்ஸும் சானாவும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள், அது அம்மாளுக்குப் பிடிக்கவில்லை. எந்த ஊரிலும் நடக்கிற கதைதான். வேறு காலமாக இருந்தால் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், சாப்பாட்டுத் தட்டைத் தட்டென்று வைப்பார். இப்போது வேறு வழி கிடைத்திருக்கிறது. வானொலியில் வந்த தலைவர்களின் பேச்சைப் பற்றி சானா யோசிக்காமல் எதையோ உளறியிருக்கிறாள். அடெல்ஹைட் அதைக் கொண்டுபோய் கெஸ்டபோவிடம் சொல்லிவிடுகிறார்.

வானொலியைப் பற்றி ஒரு வார்த்தை. 1933-இல் அரசாங்கம் மலிவு விலையில் மக்கள் வானொலி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. விலை 76 மார்க். மாடல் எண் 301, ஜனவரி 30 ஆட்சிக்கு வந்த நாளின் நினைவாக. கூடத்து மேசையில் அதை வைத்தவுடன், பேச்சு ஓடும்போது யார் எழுந்து போனார், யார் கொட்டாவி விட்டார், யார் சிரித்தார் என்பதெல்லாம் வீட்டில் எல்லோரும் கவனிக்கிற விஷயமாகிவிட்டது. அதே வருஷம் மார்ச்சில் வந்த அவசரச் சட்டமும் 1934 டிசம்பரில் வந்த சட்டமும் ஆட்சிக்கு எதிராக வன்மத்தோடு பேசுவதைக் குற்றமாக்கின. வன்மம் எது, கிண்டல் எது என்பதை யார் முடிவு செய்வது? கேட்டுக்கொண்டிருந்தவர்தான். சானாவின் கதை அந்தச் சட்டம் சமையலறையில் எப்படி வேலை செய்தது என்பதைத்தான் காட்டுகிறது.

கெஸ்டபோ அலுவலகத்தில் சானா காத்திருக்கும் பக்கங்களை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. அங்கே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பிடித்துவரப்பட்டவர்கள் இல்லை, புகார் கொடுக்க வந்தவர்கள். மருமகள் மேல் மாமியார், சகோதரி மேல் சகோதரன், பக்கத்து வீட்டுக்காரன் மேல் பக்கத்து வீட்டுக்காரன். தட்டச்சு இயந்திரங்கள் ஓயாமல் ஓடுகின்றன. இது கொய்னின் கற்பனை மட்டும் இல்லை. வூர்ட்ஸ்பர்க் நகரத்தில் தப்பிப் பிழைத்த கெஸ்டபோ கோப்புகளைப் பிற்பாடு ஆராய்ந்த வரலாற்றாசிரியர்களும் இதையே கண்டார்கள். கெஸ்டபோவின் ஆள்பலம் நாம் நினைப்பதைவிடக் குறைவு, அதற்குத் தகவல் கொண்டுவந்து கொட்டியது சாதாரண ஜனங்கள், பல சமயம் சொந்தத் தகராறுகளுக்காக.

கொலோன் கதை பின்னோக்கிய நினைவு. நாவலின் நிகழ்காலம் ஃபிராங்க்ஃபர்ட்டில், சில நாட்களுக்குள். சானாவின் தோழி கெர்ட்டி காதலிப்பது சட்டப்படி பாதி யூதன் என்று வகைப்படுத்தப்பட்ட ஒருவனை. எழுத்தாளரான சானாவின் அண்ணனின் புத்தகங்கள் தடையில் இருக்கின்றன, ஆட்சியைப் புகழ்ந்து கவிதை எழுதலாமா என்று அவன் தடுமாறுகிறான். ஃபிரான்ஸ் ஒரு சின்னப் புகையிலைக் கடை வைக்க ஆசைப்படுகிறான், அவன்மேல் புகார் கொடுப்பவன் இன்னொரு கடைக்காரன். கவனியுங்கள், மறுபடி கடை, வாடகை, போட்டி. இத்தனை பயங்கரத்தையும் சானா ஒரு சின்னப் பெண்ணின் வெகுளிப் பேச்சில் சொல்லிக்கொண்டே போகிறாள். அவளுக்குப் பெரிய வார்த்தைகள் தெரியாது. உங்கள் நாயகிக்கு எல்லாப் பெரிய வார்த்தைகளும் தெரிந்திருக்கின்றன, அவள் பேசுவது கட்டுரையாகிவிடுவதற்கு அது ஒரு காரணம்.

ஹான்ஸ் ஃபல்லாடாவிடம் இரண்டு புத்தகங்கள். 'சின்ன மனிதன், இனி என்ன?' 1932. பின்னபெர்க் என்ற இளைஞன் பெர்லினில் ஒரு பெரிய துணிக்கடையில் விற்பனையாளன். மாதம் இவ்வளவு விற்றே ஆக வேண்டும் என்று கடையில் கணக்கு. மனைவியைச் செல்லமாக ஆட்டுக்குட்டி என்று கூப்பிடுவான். கைக்குழந்தை வேறு. 1932-இன் தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையற்றோர் 60 லட்சம், அவர்களில் ஒருவனாக அவன் ஆகிவிடுகிறான். கடைசிப் பகுதியில், சட்டைக் காலர்கூட இல்லாமல், ஒரு தின்பண்டக் கடையின் கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். போலீஸ்காரன் வந்து நடைபாதையை விட்டுத் தள்ளுகிறான். அடிக்கவில்லை, கைது செய்யவில்லை. நடைபாதையிலிருந்து இறக்கிச் சாலையில் விடுகிறான், அவ்வளவுதான். வீடு திரும்பியவனுக்கு மனைவி முகத்தைப் பார்க்க முடியவில்லை, இருட்டில் வெளியிலேயே நிற்கிறான். அவள்தான் தேடிக்கொண்டு வருகிறாள்.

ஆட்சி மாறியதும் இந்தப் புத்தகத்தில் ஒரு திருத்தம் நடந்தது. பொழுது போகாமல் நாஜிகளின் பழுப்புச் சட்டைப் படையில் சேர்ந்து தெருச் சண்டை போடும் ஒரு பாத்திரம் பிந்திய பதிப்பில் கால்பந்து கோல்கீப்பராக மாறிவிட்டது. மற்றதெல்லாம் அப்படியே. படிக்கும்போது சிரிப்பு வருகிறது, ஆனால் யோசித்தால் அந்தத் திருத்தம் அந்தப் பாத்திரத்தைப் பற்றி உண்மையையே சொல்கிறது. அவனுக்கு வேண்டியது ஒரு குழு, ஒரு சட்டை, சனிக்கிழமைக்கு ஓர் அடிதடி.

ஃபல்லாடாவே 1933 வசந்தத்தில் கைதானார். பெர்லினுக்கு வெளியே ஒரு வீட்டை வாங்குகிற ஏற்பாட்டில் குடியிருந்தார். வீட்டின் பழைய உரிமையாளர்கள் கொடுத்த புகார்தான் காரணம். சில நாளில் வெளியே வந்தார். நாட்டை விட்டுப் போகவில்லை, வளைந்து கொடுத்தார், குடித்தார், இடையிடையே ஆட்சிக்குப் பிடித்த மாதிரியும் எழுதினார். அந்த ஆள்தான் 1946 இலையுதிர் காலத்தில், ஒரு மாதத்துக்கும் குறைவான நாட்களில், 'ஒவ்வொருவரும் தனியாகவே சாகிறார்கள்' என்ற தடித்த நாவலை எழுதி முடித்தார். அச்சாகி வருவதற்குள் 1947 பிப்ரவரியில் இறந்தும் போனார்.

அவசரத்தில் எழுதியது தெரிகிறது. சில பாத்திரங்கள் அட்டைப் பொம்மைகள். ஆனாலும் ஒரே கட்டடத்தின் மாடிப்படியை வைத்து இவ்வளவு செய்த நாவல் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஒரு தளத்தில் கட்சி வெறி பிடித்த குடும்பம். ஒரு தளத்தில் கணவனைப் பறிகொடுத்துத் தனியாக இருக்கும் யூத மூதாட்டி, அவள் வீட்டுத் துணிமணி, சாமான்கள்மேல் எல்லோருக்கும் கண். ஒரு தளத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி, சத்தம் போடாமல் அவளுக்கு அடைக்கலம் கொடுக்கிறார். பின்கட்டில் எதையும் விற்கத் தயாரான ஓர் உளவாளி. இன்னொரு தளத்தில் குவாங்கல் தம்பதி, தொழிற்சாலை மேஸ்திரியும் மனைவியும், யாரோடும் ஒட்டாதவர்கள். ஆட்சிக் கட்சிக்கு நிஜத்திலும் நாற்பது அறுபது குடித்தனத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். கதையில் அவர் தேவையே இல்லை என்று தோன்றும் அளவுக்கு மாடிப்படியே வேவு பார்க்கிறது.

மகன் போரில் செத்த செய்தி வருகிறது. அதிர்ச்சியில் மனைவி கணவனைப் பார்த்து, 'நீயும் உன் தலைவனும்' என்று கத்திவிடுகிறாள். அவன் கட்சியில்கூட இல்லை. உன் தலைவன் என்ற அந்த ஒரு சொல் அவனைக் குடைகிறது. நாவலின் எதிர்ப்புப் போராட்டம் முழுவதும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பெண்டாட்டி சொன்ன சொல்லைத் தாங்க முடியாமல் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, எழுதத் தெரியாத கையால் தபால் அட்டைகள் எழுத ஆரம்பிக்கிறான். அவற்றை யார் யாருடைய கட்டட மாடிப்படிகளிலோ இருவரும் வைத்துவிட்டு வருகிறார்கள். எடுத்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பயத்தில் போலீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்கள். பல வருஷமாகப் பேச மறந்திருந்த அந்தத் தம்பதி மறுபடி பேசிக்கொள்கிறார்கள் என்பதைத் தவிர அட்டைகளால் வேறு பலன் இல்லை. இதன் பின்னால் உண்மைச் சம்பவம் இருக்கிறது. ஓட்டோ ஹம்பெல், எலீஸே ஹம்பெல் என்ற பெர்லின் தம்பதி, 1943 ஏப்ரல் 8 அன்று பிளட்ஸென்சே சிறையில் கொல்லப்பட்டார்கள். நிஜத்தில் போரில் இறந்தது மகன் இல்லை, எலீஸேயின் சகோதரர்.

இவ்வளவு சொன்னதில் காட்டிக்கொடுப்பதே அதிகம் வந்துவிட்டது. அதற்கு மாற்று மருந்து அன்னா சேகர்ஸின் 'ஏழாவது சிலுவை', 1942. களம் பெர்லின் அல்ல, மைன்ஸ், ஃபிராங்க்ஃபர்ட் பக்கம். நாஜிகளின் வதை முகாமிலிருந்து ஏழு பேர் தப்புகிறார்கள், ஒருவன் மட்டும் பிடிபடுவதில்லை. கதையின் கேள்வி ஒன்றே ஒன்று: யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அவன் போய் நிற்பது பால் ரோடர் என்ற பழைய சிநேகிதனிடம், அரசியலே தெரியாத தொழிற்சாலை ஊழியன், குழந்தை குட்டிக்காரன். விஷயம் தெரிந்ததும் அவன் பயப்படுகிறான், ஆனால் உதவுகிறான். அப்புறம் வருகிறது எனக்குப் பிடித்த பகுதி. இன்னோர் ஆளின் உதவி வேண்டும். பட்டறையில் தன்னோடு வருஷக்கணக்காக வேலை செய்கிறவர்களை ஒவ்வொருவராக மனசில் நிறுத்திப் பார்க்கிறான் பால். இவனிடம் கேட்கலாமா? அவனிடம்? தினமும் சேர்ந்து சாப்பிட்டவர்களில் ஒருவரைக்கூடத் தனக்குத் தெரியாது என்று அப்போதுதான் அவனுக்கு விளங்குகிறது. ஒரு நகரம் பயந்துபோனால் நட்புக்கு என்ன ஆகும் என்பதை அந்தச் சில பக்கங்களைவிடத் துல்லியமாக யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

லியோன் ஃபாய்க்ட்வாங்கரின் 'ஓப்பர்மான் குடும்பம்' 1933-லேயே வந்தது. இவ்வளவு சீக்கிரம் எழுதியதற்காகவே மதிக்கிறேன், நடை சில இடங்களில் பிரசங்கம். பள்ளிக்கூடப் பகுதிக்காக மட்டும் படியுங்கள். ஒரு மாணவன் வகுப்பில் சொன்ன கருத்துக்காகப் புதிய ஆசிரியர் அவனை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். தலைமையாசிரியர் நல்லவர், சங்கடப்படுகிறார், ஒன்றும் செய்வதில்லை. பையன் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, உயிரோடு இருக்கவும் இல்லை.

படிக்கும் வரிசை கேட்டால்: முதலில் 'நடுநிசிக்குப் பிறகு', சின்னப் புத்தகம், இரண்டு நாளில் முடியும். அடுத்து இஷர்வுட், முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் அடுத்தடுத்து. பிறகு 'ஏழாவது சிலுவை'. ஃபல்லாடாவின் தபால் அட்டை நாவலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் படித்தால் நீங்களும் முடிவிலிருந்து பின்னோக்கி எழுத ஆரம்பித்துவிடுவீர்கள், அந்தப் பழக்கம் உங்களுக்கு ஏற்கனவே கொஞ்சம் இருக்கிறது.

இப்போது உங்கள் மூன்றாம் அத்தியாயம். டி.வி. விவாதம் ஐந்து பக்கம் போகிறது. கணவன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி, இருவரும் நன்றாகப் பேசுகிறார்கள். அதே அத்தியாயத்தில் கீழ்வீட்டு ஓனர் ஒரே ஒரு வரியில் வந்து போகிறார், தண்ணீர் மோட்டார் போட. அவர்களுடைய பத்து மாத அட்வான்ஸ் அவரிடம் இருக்கிறது, மகனுக்குக் கல்யாணம் முடிந்ததும் அந்த மாடிப் போர்ஷன் அவருக்குத் தேவைப்படும் என்று இரண்டாம் அத்தியாயத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாடியில் சத்தம் உரக்க இருக்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது. மோட்டாரை அணைத்த பிறகு அவர் உடனே உள்ளே போகாமல் இருந்தால் என்ன ஆகிறது என்று எழுதிப் பாருங்கள்.